வியர்வைத் தடுப்பானை இரவில் பூசுங்கள்: அலுமினிய உப்பு வேலை செய்யும் விதமும் தோலின் பாதுகாப்பும்

ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்ற வியர்வைத் தடுப்பானைப் பூசியும் சட்டை நனைகிறது, அல்லது பூசிய இடம் எரிகிறது. இந்த இரண்டு புகார்களுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஈரத் தோலில் பூசுவது. காலையில் குளித்து, துண்டால் ஒரு தடவை ஒற்றிவிட்டு, உடனே ரோல்-ஆனை உருட்டிக்கொண்டு கிளம்புவதுதான் பலருக்கும் பழக்கம். அதில் வேலை செய்யும் அலுமினிய உப்பு தோலுக்குள் எங்கே போகிறது, அங்கே என்னவாக மாறுகிறது என்று தெரிந்தால், இந்தப் பழக்கம் ஏன் பலிப்பதில்லை என்பதும் புரிந்துவிடும்.

முதலில், கையில் இருப்பது எது?

டியோடரன்ட்டும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டும் ஒரே மாதிரி டப்பாவில் வருகின்றன. வேலை வேறு. டியோடரன்ட் வாடையை மட்டும் கவனிக்கும். வியர்வையின் அளவைக் குறைக்காது.

அக்குளில் இரண்டு வகைச் சுரப்பிகள் உண்டு. எக்ரைன் சுரப்பிகள் உடல் முழுக்க 20 முதல் 40 லட்சம் வரை இருக்கின்றன. தண்ணீரும் உப்புமான வியர்வையைச் சுரப்பவை, சட்டையை நனைப்பவை இவைதான். அபோக்ரைன் சுரப்பிகள் அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் மட்டும் இருக்கும். கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைக் கொஞ்சமாகச் சுரக்கும். சுரந்தவுடன் இரண்டுக்குமே வாடை இல்லை என்றே சொல்லலாம். தோலில் வாழும் கோரினேபாக்டீரியம், ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள் அபோக்ரைன் திரவத்தை உடைத்து, சில கொழுப்பு அமிலங்களையும் கந்தகச் சேர்மங்களையும் உண்டாக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. ஆகவே உங்கள் பிரச்சினை வாடை மட்டும் என்றால் டியோடரன்ட் போதும். ஈரமே பிரச்சினை என்றால் அலுமினிய உப்பு வேண்டும்.

டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். அலுமினியம் குளோரோஹைட்ரேட், அலுமினியம் செஸ்குவிகுளோரோஹைட்ரேட், அலுமினியம் ஜிர்கோனியம் டெட்ராகுளோரோஹைட்ரெக்ஸ், அலுமினியம் குளோரைடு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது வியர்வைத் தடுப்பான். ‘இயற்கை’ என்ற பெயரில் விற்கும் படிகாரக் கல்லிலும் அலுமினியம் உண்டு, ஏனென்றால் படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். கிருமிகளைக் கொஞ்சம் அடக்கி வாடையைக் குறைக்கும். வியர்வையை நிறுத்துவதில் மேலே சொன்ன உப்புகளுக்கு ஈடாகாது. அலுமினியமே வேண்டாம் என்று படிகாரத்துக்கு மாறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மாற வேண்டும்.

உப்பு என்ன செய்கிறது?

அலுமினிய உப்புக் கரைசல் அமிலத் தன்மை உடையது. அந்த அமில நிலையில் அலுமினியம் கரைந்தே இருக்கும். தோலின் மேல் பூசியதும் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக வியர்வைக் குழாயின் வாய்க்குள் இறங்குகிறது. குழாய்க்குள் இருக்கும் வியர்வையின் அமிலத் தன்மை அதைவிடக் குறைவு. அங்கே போனதும் அலுமினியம் கரைந்த நிலையில் நிற்க முடியாமல், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழாகத் திரள்கிறது. வியர்வையில் இருக்கும் புரதங்களும் அதில் ஒட்டிக்கொள்ள, குழாயின் மேற்பகுதியில் ஓர் அடைப்பு உருவாகிறது. வாய்க்காலில் வண்டல் படிந்து மடை அடைபடுவதைப் போன்றதுதான் இது.

இதில் கவனிக்க வேண்டியது, அடைப்பு உருவாகக் குழாய்க்குள் துளி வியர்வை இருந்தே ஆக வேண்டும். ஆனால் வியர்வை வேகமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் உப்பு உள்ளே இறங்கவே முடியாது. மேலேயே கரைந்து வழிந்துவிடும். தோலின் மேல் குளித்த தண்ணீர் இருந்தாலும் அதே கதி. உப்பு குழாய்க்கு வெளியே நீர்த்துப் போகிறது, அங்கேயே அமிலத்தை வெளிவிடுகிறது. பலனும் இல்லை, எரிச்சலும் மிச்சம்.

அடைப்பு நிரந்தரமில்லை. தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்து புதுப்பித்துக்கொள்கிறது. அடைப்பும் அதோடு சேர்ந்து போய்விடும். பூசுவதை நிறுத்தினால் சில நாட்களில், அதிகம் போனால் ஓரிரு வாரங்களில் வியர்வை பழைய அளவுக்குத் திரும்பும். சுரப்பிக்கு எந்தச் சேதமும் இல்லை.

முழுக்க வறண்டுபோகும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதிப்படி, சோதனையில் குறைந்தது பாதிப் பேருக்காவது 20 சதவீதம் வியர்வை குறைந்தாலே அதை வியர்வைத் தடுப்பான் என்று விற்கலாம். கூடுதல் பலன் தரும் என்று எழுத வேண்டுமானால் 30 சதவீதம் குறைய வேண்டும். கடைத் தயாரிப்புகள் இந்த அளவுகோலை வைத்துத்தான் வருகின்றன.

அக்குளை அடைத்தால் உடலின் நச்சு உள்ளேயே தங்கிவிடும் என்று ஒரு பயம் பரவிக் கிடக்கிறது. கழிவுகளை வெளியேற்றுவது சிறுநீரகமும் கல்லீரலும்தான். வியர்வையின் முதல் வேலை உடலைக் குளிர்விப்பது. அக்குள் என்பது உடல் பரப்பில் மிகச் சிறிய இடம். அதை அடைப்பதால் உடல் சூடேறிவிடாது. அதற்காக முதுகு, நெஞ்சு என்று உடம்பெல்லாம் பூசவும் கூடாது.

சதவீதக் கணக்கு

லேபிளில் இருக்கும் சதவீதம் உப்பின் அளவு. அலுமினியத்தின் அளவு வேறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அலுமினியம் குளோரோஹைட்ரேட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அலுமினியம். நீரேறிய அலுமினியம் குளோரைடில், அதாவது ஹெக்ஸாஹைட்ரேட்டில், 11 சதவீதம்தான் அலுமினியம். ஆக 20 சதவீத குளோரோஹைட்ரேட் ரோல்-ஆனில் சுமார் 5 சதவீத அலுமினியம் இருக்கும். 20 சதவீத ஹெக்ஸாஹைட்ரேட் கரைசலில் 2.2 சதவீதமே. ஆனால் வியர்வையை அதிகம் கட்டுப்படுத்துவது இந்த இரண்டாவதுதான்.

காரணம், அலுமினியம் குளோரைடு மிகச் சிறிய அயனிகளாகக் கரைந்திருக்கிறது. குழாயில் இன்னும் ஆழமாக இறங்கிப் பிறகுதான் திரள்கிறது. குளோரோஹைட்ரேட்டில் அலுமினியம் முன்கூட்டியே பெரிய கொத்துகளாகச் சேர்ந்திருப்பதால் குழாயின் வாய்க்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. ஆழத்துக்கு ஒரு விலை உண்டு: அலுமினியம் குளோரைடு தண்ணீரோடு சேரும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது. அதன் கரைசலின் பிஎச் (அமில அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 2 முதல் 3 வரை இறங்கும். குளோரோஹைட்ரேட்டின் பிஎச் 4-ஐ ஒட்டி இருப்பதால் தோலுக்கு அது மென்மை. ஜிர்கோனியம் கலந்த வகைகளில் கிளைசின் சேர்ப்பதும் அமிலத்தின் கடுமையைத் தணிக்கத்தான்.

அதனால் எப்போதும் குளோரோஹைட்ரேட் அல்லது ஜிர்கோனியம் வகையில் தொடங்குங்கள். சரியான முறையில் பூசி இரண்டு வாரம் பார்த்தும் போதவில்லை என்றால் மட்டும் அலுமினியம் குளோரைடுக்குப் போகலாம். எடுத்த எடுப்பிலேயே கடுமையானதை வாங்கி, தோல் வெந்து, ‘எனக்கு அலுமினியம் ஒத்துக்கொள்ளாது’ என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய.

பூசும் முறை

இரவில், படுக்கப் போகும் முன் பூசுங்கள். தூங்கும்போது வியர்வை மிகக் குறைவாகச் சுரப்பதால் உப்பு குழாய்க்குள் இறங்கி அடைப்பை உருவாக்க ஆறேழு மணி நேரம் கிடைக்கிறது. காலையில் குளித்தாலும் அடைப்பு போகாது, ஏனென்றால் அது தோலுக்கு மேலே இல்லை. மேலே மிஞ்சியிருக்கும் உப்புதான் கழுவிப் போகிறது, அது போவதும் நல்லதே.

1. அக்குளைக் கழுவி, துண்டால் ஒற்றி, 10 நிமிடம் காற்றாட விடுங்கள். அவசரமென்றால் ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து உலர்த்தலாம். விரலால் தொட்டால் சிறிதும் ஈரப்பசை இருக்கக் கூடாது.
2. தோலைப் பாருங்கள். கீறல், வெட்டு, சிவப்பு, கொப்புளம் இருந்தால் அன்று பூச வேண்டாம். சவரம் செய்தோ மெழுகு வைத்தோ முடி எடுத்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம் போகட்டும். அலுமினியம் குளோரைடாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் பொறுங்கள்.
3. ரோல்-ஆன், ஸ்டிக் எதுவானாலும் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று இழுப்பு போதும். முடி இருக்கும் பகுதி முழுவதும் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள். அதிகம் பூசினால் அதிகம் அடைக்காது. ஸ்ப்ரே என்றால் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து இரண்டு விநாடி. மூச்சை அடக்கிக்கொண்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் அடியுங்கள்.
4. கையைத் தூக்கியபடி நன்றாக உலர விடுங்கள். அதன் பிறகு தளர்ந்த பருத்தி உடை.
5. காலையில் தண்ணீராலும் மிதமான சோப்பாலும் கழுவிவிடுங்கள். வாசனை வேண்டுமென்றால் டியோடரன்ட் போட்டுக்கொள்ளலாம்.

முதல் நாளே பலன் தெரியாது. ஒவ்வொரு இரவும் சில குழாய்கள் புதிதாக அடைபடும். ஒரு வாரம், பத்து நாளில்தான் முழு விளைவு தெரியும். மூன்றாம் நாளே ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிட வேண்டாம். வறட்சி வந்தபிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு போதும். அலுமினியம் குளோரைடு என்றால் வறட்சி வரும்வரை தினமும் இரவில், பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள். பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை. தோல் மெல்லியது என்று தெரிந்தவர்கள் தொடக்கத்திலேயே ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசலாம். இந்தக் கரைசல்கள் பெரும்பாலும் ஆல்கஹாலில் தயாரிக்கப்படுவதால் தீப்பிடிக்கும். துணியையும் உலோக நகைகளையும் அரிக்கவும் செய்யும்.

எரிந்தால், அரித்தால்

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. பூசிய சில நிமிடங்களில் சுறுசுறுவென்று எரிந்து, கழுவியதும் அடங்கினால் அது அமிலத்தின் எரிச்சல். தோல் ஈரமாகவோ புண்ணாகவோ இருந்திருக்கும், அல்லது அளவு அதிகமாகியிருக்கும். இரண்டு மூன்று நாள் நிறுத்தி, தோல் ஆறியதும் நன்றாக உலர்த்திப் பூசிப் பாருங்கள். இடைவெளியையும் கூட்டுங்கள். எரிச்சல் அடங்காமல் சிவந்தே இருந்தால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பை ஓரிரு நாள் தடவுவது வழக்கம். வாரக்கணக்கில் தடவக் கூடாது. அக்குள் தோல் மெல்லியது, ஸ்டீராய்டு அதை இன்னும் மெலியச் செய்யும்.

பூசி ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் பொரிப்பொரியாகக் கொப்புளமும் வந்து, ஒவ்வொரு முறை பூசும்போதும் திரும்பினால் ஒவ்வாமை என்று சந்தேகிக்கலாம். அங்கேயும் குற்றவாளி அலுமினியமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் வாசனைப் பொருள்தான். வாசனை சேர்க்காத, அதே உப்பு உள்ள தயாரிப்புக்கு மாறிப் பார்த்தால் தெரிந்துவிடும். புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன், முழங்கைக்கு உட்புறம் ஒரு நாணய அளவு இடத்தில் நாளுக்கு இரண்டு முறை என ஏழு நாள் தடவிப் பார்ப்பது நல்ல வழி. எதுவும் கிளம்பாவிட்டால் ஒவ்வாமைக்கு வாய்ப்புக் குறைவு. குளோரைடு கரைசலை இப்படிச் சோதிக்காதீர்கள், அது அங்கேயும் எரிச்சலைத்தான் உண்டாக்கும்.

தடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு தடயம். கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிப் பாருங்கள். அக்குளின் குழிந்த நடுப்பகுதியில் தடிப்பு இருந்தால் பூசிய பொருள் காரணம். நடுவில் ஒன்றும் இல்லாமல் சுற்றியுள்ள ஓரங்களில் மட்டும் இருந்தால், துணியின் சாயமோ அதில் ஏற்றிய ரசாயனமோ காரணமாக இருக்கலாம், ஏனென்றால் துணி உரசுவது ஓரங்களில்தான். ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டை மாற்றி மாற்றி வாங்கியும் தீராத பல தடிப்புகளுக்கு விடை இந்த ஓரத்தில் இருக்கிறது.

‘அலுமினியம் இல்லாதது’ என்று வரும் சிலவற்றில் சமையல் சோடா இருக்கும். அது காரம், தோலின் இயல்பான அமிலப் படலத்தைக் கெடுத்து அதுவே எரிச்சலை உண்டாக்கும். ‘நச்சு வெளியேறும் காலம்’ என்று சொல்லி அந்தத் தடிப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்படி ஒரு காலம் கிடையாது. தடிப்பு வந்தால் நிறுத்துங்கள்.

வெள்ளைச் சட்டையின் அக்குளில் மஞ்சள் கறை படிவது அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. குளோரின் பிளீச் போட்டால் கறை இன்னும் மஞ்சளாகும். துவைப்பதற்கு முன் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். இரவில் பூசிக் காலையில் கழுவுகிறவர்களுக்குக் கறையே குறைவாகத்தான் விழும்.

உடலுக்குள் எவ்வளவு போகிறது?

இதுவே எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு எண்களால் பதில் சொல்ல முடியும். 2001-இல், அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணுவைக் குளோரோஹைட்ரேட்டில் சேர்த்து இரண்டு பேரின் அக்குளில் பூசி அளந்தார்கள். உடலுக்குள் போனது பூசியதில் 0.012 சதவீதம். பிற்பாடு 12 பெண்களிடம் செய்த ஆய்வின் அடிப்படையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2020-இல் எடுத்துக்கொண்ட அளவு 0.00052 சதவீதம்.

நாளுக்கு 1.5 கிராம் பூசுகிறீர்கள், அதில் 6 சதவீதம் அலுமினியம் என்று வைத்துக்கொள்வோம். தோலின் மேல் இருப்பது 90 மில்லிகிராம். பழைய கணக்குப்படி உள்ளே போவது சுமார் 11 மைக்ரோகிராம். புதிய கணக்குப்படி அரை மைக்ரோகிராம்கூட இல்லை. உணவில் தினமும் சில மில்லிகிராம் அலுமினியம் எப்படியும் வருகிறது. அதில் குடல் உறிஞ்சுவது 0.1 சதவீதத்தை ஒட்டிய அளவு, அதாவது சில மைக்ரோகிராம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயம் எவ்வளவு நியாயம் என்று புரியும். அந்தக் குழு, ஸ்ப்ரே அல்லாதவற்றில் 6.25 சதவீத அலுமினியம் வரையிலும், ஸ்ப்ரேக்களில் 10.60 சதவீதம் வரையிலும் பாதுகாப்பானது என்று சொன்னது.

இந்தக் கணக்கெல்லாம் சேதமில்லாத தோலுக்கு. புண்ணும் கீறலும் உள்ள தோல் அதிகம் உறிஞ்சும் என்பதால்தான் காயத்தின் மேல் பூசாதே என்று லேபிளில் எழுதுகிறார்கள். சவரத்துக்குப் பின் காத்திருக்கச் சொல்வது எரிச்சலுக்காக மட்டும் அல்ல.

மார்பகப் புற்றுநோய் பற்றி: 2002-இல் அமெரிக்காவில் 813 நோயாளிகளையும் 793 நோயற்ற பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. 2017-இல் ஆஸ்திரியாவில் செய்த சிறிய ஆய்வில், இளம் வயதிலிருந்தே நாளுக்குப் பல முறை பூசியதாகச் சொன்னவர்களிடம் ஒரு தொடர்பு தெரிந்தது. ஆனால் நோய் வந்தபின் பழைய பழக்கத்தை நினைவுகூர்ந்து சொன்னதை வைத்து எடுத்த முடிவு அது. காரணம் என்று நிரூபிக்காது. இன்றைய நிலையில் தொடர்பு நிறுவப்படவில்லை. அல்சைமர் விஷயத்திலும் அப்படித்தான்.

சிறுநீரக நோயாளிகள் மட்டும் விதிவிலக்கு. உடலில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். 1970-களில், அலுமினியம் கலந்த தண்ணீரில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்கு மூளைப் பாதிப்பு வந்ததிலிருந்துதான் இந்த எச்சரிக்கை பிறந்தது. அங்கே அலுமினியம் தோலைக் கடக்காமல் நேரே ரத்தத்தில் கலந்தது என்பது உண்மைதான். ஆனாலும் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் பூச வேண்டாம்.

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும் நாளில் அக்குளில் எதையும் பூசாமல் போங்கள். படத்தில் அலுமினியத் துகள்கள் கால்சியம் புள்ளிகளைப் போல் தெரிந்து, தேவையில்லாத கவலையையும் மறுபடம் எடுக்கும் வேலையையும் தரும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

அலுமினியம் குளோரைடை முறையாக ஒரு மாதம் பூசியும் சட்டை நனைந்துகொண்டே இருந்தால் அது மிகைவியர்வையாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் வேறு வழிகள் உண்டு: கிளைகோபைரோனியம் என்ற வியர்வை குறைக்கும் மருந்து தடவிய துடைப்புத் துணி, அக்குளில் பொட்டுலினம் டாக்சின் ஊசி. உள்ளங்கை, உள்ளங்கால் என்றால் அங்கே தோல் தடிமனாக இருப்பதால் பூச்சு அவ்வளவாக எடுபடாது. தண்ணீரில் கைகால்களை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் அயண்டோபோரசிஸ் அதற்குப் பொருத்தம்.

இதுவரை இல்லாத அளவுக்குத் திடீரென்று வியர்க்கத் தொடங்கினாலோ, உடலின் ஒரு பக்கம் மட்டும் வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்த்து எடையும் குறைந்தாலோ, காய்ச்சல் விட்டு விட்டு வந்தாலோ பூச்சைத் தேடாதீர்கள். தைராய்டு, தொற்று, சர்க்கரை, சாப்பிடும் மாத்திரை என்று உள்ளே காரணம் இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனையில் தொடங்க வேண்டும். அக்குளில் வலியுள்ள கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து சீழ் வடிந்தாலும் இதேதான்: பூச்சை நிறுத்திவிட்டு, கட்டி இருக்கும்போதே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.